குணமாகவில்லை என்று சாட்சி சொன்னவர்

எங்கள் தியான வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை முதல் செய்தி டெய்சி அக்காவிடமிருந்துதான் வரும். ‘உக்காந்தாச்சு’ என்று ஒரே சொல். தியானத்துக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். போன வியாழக்கிழமை அதே எண்ணிலிருந்து அவருடைய மகள் எழுதியிருந்தாள்: ‘அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க. மாரடைப்புன்னு டாக்டர் சொல்றாரு.’ போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெய்சி அக்கா ராயபுரத்துக்காரர். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளை மைக்கில் கூப்பிட்டு ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவது அவர் பொறுப்பு. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அந்த மைக்கைப் பிடிக்கவும் தெம்பில்லாமல் போனது. எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி; கொஞ்சம் கூடுதலாக நடந்துவிட்டால் மறுநாள் படுக்கைதான். அதற்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயர் தெரிவதற்குள் பல மருத்துவர்களைப் பார்த்துவிட்டார்.

எனக்கும் அதே நோய்தான். பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். கரும்பலகையில் பாதிக் கணக்கு போடுவதற்குள் கை தானாக இறங்கிவிடும். என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம். “ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னுதான சொல்லுதாவ, பொறவு என்ன அசதி உனக்கு?” என்பார்.

எங்கள் இருவரையும் பார்த்த மருத்துவர் வலிக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்ததோடு, தியானமும் செய்து பார்க்கச் சொன்னார். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. அவரிடம் வரும் இதே நோய்க்காரர்கள் சிலர் கிளினிக் மாடியில் வாரம் ஒருமுறை கூடினோம். சொல்லிக்கொடுக்க வந்த பெண் வேறு ஊருக்குப் போனதும் டெய்சி அக்கா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

மென்மையான குரலை எதிர்பார்த்து வருகிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். அது யார்டு மைக்கின் குரல். “மூச்ச மட்டும் பாரு. நெனப்பு வந்துகினுதான் இருக்கும். லாரி மாதிரி வெளிய நிக்கட்டும். நீ கேட் பாஸ் குடுக்காத, அவ்ளோதான்.” கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ரயில்வே ஊழியர் ராஜேந்திரன் ஒருநாள் குறட்டை விட, நாங்கள் சிரித்துவிட்டோம். “வுடு, அவரு வண்டி மட்டும் உள்ள பூந்துச்சி,” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே.

செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி கேட்பார்: “மாத்திரை போட்டுகினியா?” இல்லை என்றால் முதலில் தண்ணீர் டம்ளரைத்தான் நீட்டுவார்.

தியானத்தால் எனக்குத் தூக்கம் கொஞ்சம் கூடியது. அசதியைக் கண்டு பயப்படுவது குறைந்தது. ஆனால் எனக்கு அது போதவில்லை. பழைய உடம்பு வேண்டும் என்றிருந்தது. முழு நேரம் வர முடியுமா, அரை நாள்தானா என்று பள்ளியிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் மாதா கோயில் திருவிழா வந்தது. தேர்ப் பவனியில் டெய்சி அக்கா கடைசிவரை நடந்தார். பேட்டையே பார்த்தது. டெய்சிக்குச் சரியாகிவிட்டது என்று பேச்சு பரவி, அடுத்த வார ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். நன்மை பெற்றவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்வது அவர்கள் வழக்கம். நானும் போனேன். அவர் வாயால் குணமானதைக் கேட்டுவிட்டால் மாத்திரைகளை நிறுத்திவிடுவது, பள்ளிக்கு முழு நேரம் வருகிறேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவரை மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பவனிக்கு மறுநாளிலிருந்து அவர் படுக்கையில் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உட்கார்ந்தபடியே பேசினார். “எனக்கு கொணமாவல. தெம்பு வந்தா மாதிரி இருந்திச்சி, ஆசைல நடந்துட்டேன். இப்ப டம்ளர தூக்க முடியல. கண்ண மூடி குந்துனா நோவு போவாது. ஆனா நோவு கூட குந்திகினு இருக்க முடியுது. அதுக்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

“இன்னாடி டெய்சி, சாட்சி சொல்ல சொன்னா பேஜாரு பண்ற?” என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

“பொய் சொன்னா அதுக்குப் பேரு சாட்சியாடி?”

எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. வாசலில் அக்கா என்னை நிறுத்தினார். “இன்னா டீச்சர், மூஞ்சி தொங்குது? மாத்திரய நிறுத்தலாம்னு கணக்கு போட்டுகினு வந்தியா?” நான் குனிந்து செருப்பைத் தேடினேன். “நான் நல்லாகீறேன்னு சொல்லியிருந்தா, நாளைக்கு நீ இல்ல படுத்துனு இருப்ப?”

அதன் பிறகு சிலர் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் பள்ளியில் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வேலை இன்றும் என்னிடம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அடக்கம். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை அவரோடு நடக்க வேண்டும் என்று நினைத்தேன். பாதி வழியில் கால்கள் கனத்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கலாம்; எல்லோரும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ராஜேந்திரனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “அக்கா திட்டும்,” என்றார், “இதுக்கு மேல நடந்தா.” பேண்டு வாத்தியம் தூரத்தில் தேய்ந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஹாரன் அடித்தபடி நின்றன. இருவரும் கண்களை மூடிக்கொண்டோம்.

போய் வாருங்கள், அக்கா. கடைசிவரை உங்களோடு வரவில்லை. சனிக்கிழமை காலை, குழுவில் ‘உக்காந்தாச்சு’ என்று நான் எழுதினேன். பிறகு எழுந்து, மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.