காமகுராவுக்குத் தனியாகப் போங்கள்

1976 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. சவூதியின் தம்மாமில் விடுமுறை நாள். காலையில் வாரத்துச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டு, பேனாவுக்கு மை ஊற்றி, பருப்பை வேகவைத்தேன். ஒரு மணிக்கு வழக்கம்போல் பக்கத்து அறை நண்பர் சாப்பிட வந்தார். இருவருக்கும் கும்பகோணம் பக்கம். ஒரு ஜப்பானியக் கம்பெனியில் ஒரே பிரிவில் வேலை.

அவர் முந்தைய கோடையில் பயிற்சிக்காக டோக்கியோ போய் வந்தவர். அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டு நான் அங்கே போக வேண்டும். அதனால் வெள்ளிதோறும் சாப்பாட்டோடு தம் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களைச் சொல்வார். காலையில் டோக்கியோவில் ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடக்கூடிய ஊர்கள். காமகுராவில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் வெண்கலப் புத்தர். வயிற்றுக்குள் நுழைந்தால் வெறும் கூடு, வெயிலில் உலைபோல் கொதிக்கும். நிக்கோவில் தங்கம் பூசிய வாசல், சுற்றிலும் சிவந்த மேப்பிள் இலைகள். ஹகோனேயில் ஏரி. எல்லாவற்றையும் ஒரே எச்சரிக்கையில் முடிப்பார்.

“ஜப்பான்காரா கூப்பிட்டா மட்டும் போயிடாதேங்கோ சார். தனியாப் போங்கோ, அதான் சுகம்.”

அன்று அது உறுத்தியது. மேலதிகாரிகளோடு நான் நெருங்கிவிடக் கூடாதென்று பார்க்கிறாரா? அதோடு, அந்த இலைகள் குளிர் தொடங்கும்போதுதான் சிவக்கும். இவர் போனது கோடையில். ஆபீஸ் காலண்டரில்தான் நிக்கோ அப்படி இருந்தது. எந்த ஸ்டேஷனில் ரயில் மாறினீர்கள் என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் மோர் இருக்கிறதா என்றார்.

மாலையில் கேம்ப் வாசலில் எங்கள் ஜப்பானிய என்ஜினீயரைப் பார்த்தேன். போன கோடையில் அவரும் டோக்கியோவில் இருந்தவர். நண்பரோடு எங்கெல்லாம் போனீர்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன். காமகுரா மட்டும்தான் என்றார். அங்கே நூடுல்ஸ் கடையில் மாமிசம் வேண்டாம் என்று சொன்ன நண்பர், சூப் ரசம்போல் இருக்கிறதென்று இரண்டு கிண்ணம் குடித்தாராம். எப்படிச் செய்வது என்றும் கேட்டாராம். காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்தது என்று இவர் சந்தோஷமாக விளக்க, அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நண்பருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டதாம். இப்போது தேவலையா என்று அக்கறையாகக் கேட்டார்.

நண்பரின் அப்பா எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் குருக்கள்.

நேரே அவர் அறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

“சொல்லிட்டாரா? அவாளோட போனா உங்க காதுக்கும் வந்துடும்னுதான் தனியாப் போகச் சொன்னேன். அடுத்த மாசம் ஊருக்குப் போறேள். அப்பாவைப் பார்ப்பேள்.”

“பார்ப்பேன்.”

“என்ன சொல்வேள்?”

பிள்ளை சௌக்கியமாக இருக்கிறார் என்பேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கதவு வரை வந்து, கேம்பில் இருந்த மற்ற ஊர்க்காரர்களில் நான் யாருடைய அறைப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ட்யூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக அந்த என்ஜினீயரிடம் சென்று, சூப் கதையை இனி எங்கள் ஊர்க்காரர் எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.