போணிக் கை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை. ஒன்று என் நாத்தனார் போய்ச்சேர்ந்தபோது விட்டுப்போனது. ஐந்தும் நன்றாகவே இருக்கின்றன. சிறுசேரியில் வேலை பார்க்கும் கடைசி மகள் சனிக்கிழமைதோறும் தன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு ஒரு வகுப்புக்குப் போகிறாள். பிள்ளையின் மனசை எப்படி வளர்ப்பது என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்களாம். போன வாரம், ஏர்போர்ட்டை ஒட்டியிருக்கும் என் பொழிச்சலூர் வீட்டுக்கு வந்தவள், "உன்ன உங்கம்மா எப்டிம்மா வளத்தாங்க? எழுதிக் குடு, கிளாஸ்ல கேக்குறாங்க" என்றாள். நான் மூன்றாவது வரைதான் படித்தவள். எழுத்துக்கூட்டி எழுத நேரமாகும். நேரம் என்னிடம் நிறையவே இருக்கிறது.

எங்களுடையது கோவளத்துக்கு வடக்கே ஒரு குப்பம். அப்பா விடியுமுன் கட்டுமரத்தில் போய்க் காலையில் திரும்புவார். அவர் கொண்டுவரும் மீனை அம்மாவும், அப்பாவின் அக்காவான என் அத்தையும் பஸ்ஸின் தலையில் ஏற்றித் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் போவேன். எட்டு வயது இருக்கும்.

மீன்காரிகளுக்கு எல்லாம் போணியில்தான் இருக்கிறது. முதல் மீனை எந்தக் கை எடுத்துக் கொடுக்கிறதோ, அந்தக் கையின் ராசிப்படிதான் அன்றைய வியாபாரம். அம்மா இதைச் சாமிக்கு அடுத்தபடியாக நம்பினாள். ராசியில்லாத கை என்று பெயரெடுத்த என் சித்தியை, சொந்தத் தங்கை என்றும் பார்க்காமல், கூடைப் பக்கமே அவள் விட்டதில்லை.

லீவின் முதல் நாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு டீச்சரம்மா முதல் ஆளாக மீன் வாங்க வந்தார். நான் ஆசையாக ஒரு வவ்வால் மீனை எடுத்து அவர் பையில் போட்டேன். அதற்குப் பிறகு ஈ வந்தது, ஆள் வரவில்லை. பாதிக் கூடை எங்களோடு திரும்பி வந்தது.

"இன்னாமே, உன் பொண்ணு கை வெச்சா யாவாரமே படுத்துகிச்சி! நாளைக்கு அவள வூட்லயே கட்டிப் போட்டுட்டு வா தாயி" என்றாள் அத்தை, பஸ் முழுவதும் கேட்கும்படி. பஸ்ஸே சிரித்தது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடலுக்குக் கிளம்பும் அப்பாவிடம் தண்ணீர்க் குடுவையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. மறுநாள் நான் இரண்டு கைகளையும் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அப்பா இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

"கை இன்னாத்துக்குடி உள்ளாற கீது?" என்றாள் அம்மா.

"நான் தொட்டா அப்பா திரும்பி வரமாட்டாரு."

அப்பா வழக்கம்போல் மீனோடு வந்து சேர்ந்தார். நான் தொடாமல் இருந்ததால்தான் வந்தார் என்று எனக்குப் பெரிய திருப்தி.

அன்று மார்க்கெட்டில் முதல் ஆள் வந்து குனிந்ததுமே அம்மா என் கையை வெளியே இழுத்து, அதில் ஒரு மீனை வைத்தாள். "குடு. இனிமே நீதான் போணி."

அத்தை பாய்ந்து வந்தாள். "அய்ய, உனக்கு புத்தி கீதா? இந்தக் கையாலயா?"

"என் கூடை, என் பொண்ணு. நீ உன் கூடைய பாரு அண்ணி."

லீவு முழுக்க நான்தான் போணி செய்தேன். ஊருக்குத் திரும்பும் நேரத்தில் அம்மா என்னை வேர்க்கடலை வாங்கிவர அனுப்புவாள். வந்து பார்த்தால் கூடை கழுவிக் கவிழ்த்திருக்கும். "பாத்தியா? அத்தினியும் பூட்ச்சி" என்பாள். என் நடையே மாறிவிட்டது. கை பாவாடைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அப்பா கேட்பதற்கு முன்பே குடுவையைத் தூக்கிக்கொண்டு கரை வரைக்கும் ஓடினேன்.

அத்தைக்கும் என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. ஓயாமல் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள், முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டு. "இந்தா ராசிக்காரி, துன்னு" என்பாள். நானும் தின்றேன்.

என் கல்யாணப் பந்தியில் அத்தையே அதைப் போட்டு உடைத்தாள். விற்காத மீனையெல்லாம், நான் வேர்க்கடலை வாங்கப் போகும்போது, அம்மா அவள் கூடையில் கவிழ்த்துவிடுவாளாம். உப்புப் போட்டுக் காயவைத்தது அத்தை. வெளியே மூச்சு விட்டால் உறவே கிடையாது என்று அம்மா மிரட்டியிருந்தாளாம். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கருவாட்டுக் கதை சிரிப்பதற்குத்தான். ஐந்து பிள்ளைகளை வளர்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. தினமும் அந்த முதல் மீனை ஒரு கையால் என்னிடம் தரும்போது, அம்மா மற்றொரு கையை முந்தானைக்குள் விட்டுத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பாள். என் கையைப் பற்றி அத்தைக்கு இருந்த அதே பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. அதோடேதான் கொடுத்திருக்கிறாள், ஒரு நாள் விடாமல். எனக்கு அது தெரியவில்லை. வெயில் காலமாயிற்றே, கழுத்தில் வேர்க்குரு அரிக்கிறது போல என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். கண்ணு, உங்கம்மா வந்து வாங்கிக்கொண்டு போவதற்குள் இதை எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு. சத்தமாகப் படி. தலைக்கு மேல் ப்ளேன் போனால் நிறுத்திக்கொள். அது போன பிறகு, விட்ட இடத்திலிருந்து படி.