பெட்டிக்குள் தேடிய முகம்

வானொலி சொல்லிக்கொண்டிருந்தவரை சண்டைக்கு முகம் இல்லை. இந்தோனேசியாவோடு மோதல் என்றால் கடலுக்கு அப்பால் எங்கோ என்றிருந்தோம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் எங்கள் சமூக நிலையத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த பிறகு அதற்கு முகம் முளைத்தது. கன்னம் ஒட்டி, தாடி மழிக்காமல், கைகளைப் பிடரியில் கோத்துச் சேற்றில் உட்கார்ந்திருந்த ஆண்களின் முகம். எங்கள் சந்தில் நடமாடுகிற முகம்தான் அது.

செய்தி வாசிப்பவர் அவர்களை ஊடுருவல்காரர்கள் என்பார். மறுநாள் காலை மீன் வாங்குமிடத்தில் அந்தச் சொல் புழங்கும்.

பக்கத்து வீட்டுக்காரியை எல்லோரும் கக்கா என்போம், மலாய்க்காரர் அக்காவை அழைப்பதுபோல. ஜாவாவுக்கு வடக்கே ஒரு தீவில் பிறந்தவள். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். அவள் கணவர் கடல் வேலைக்காரர் என்று சந்துக்குத் தெரியும். இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலிருந்து அடுப்புக்கரி ஏற்றிவரும் சின்னப் படகு என்பதும், போன படகு திரும்பவில்லை என்பதும் எனக்கு மட்டும் தெரியும்.

"பிடிபட்டவங்கள காட்டுறப்ப நல்லா பாத்துட்டு வா," என்பாள். "நான் வந்தா எல்லாரும் என்னையப் பாப்பாங்க."

போவேன். பார்ப்பேன். "இல்ல கக்கா" என்று சொல்வேன்.

"கொலகார மூஞ்சி, பாத்தாலே தெரியுது லா," என்பார் மளிகைக்கடை மாமா.

"ஒரு வாரம் ஷேவ் பண்ணாம சேத்துல ஒக்காருங்க மாமா, ஒங்க மூஞ்சியும் அப்படித்தான்," என்பார் என் கணவர். சிரிப்பார்கள். நகரில் குண்டு வெடித்தபின் அந்தக் கேலிக்கு யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாலை, வரிசையின் கடைசி ஆளை எட்டுமுன் படம் மாறிவிட்டது. கக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் அவளே வந்தாள். அதே படம் மறுபடியும் ஓடியது, இம்முறை கொஞ்சம் நீளமாக. கக்கா பெட்டியின் கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றாள். அந்த வெளிறிய ஒளி அவள் கன்னத்தில் ஏறி இறங்கியது. கூட்டம் பெட்டியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"அவர் இல்ல," என்று திரும்பினாள். என்னிடம் சொன்னதுதான், எல்லோருக்கும் கேட்டது. "கடைசி ஆளு அவர் இல்ல."

மாமா குரலை உயர்த்தவில்லை. "அப்ப ஒம் புருஷன் எங்க கக்கா?"

பெட்டியில் பாட்டு தொடங்கிவிட்டது. யாரும் உட்காரவில்லை. அவள் முகத்தில் நிம்மதி இன்னும் கலையாமல் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசல் பக்கம் நின்றவர்கள் வழிவிட்டு நகரவில்லை.