கணக்கு வகுப்பில் ஒரு தூளி

அன்று எங்கள் பள்ளியில் கமிட்டிக் கூட்டம். வந்திருந்தவர்கள்: தலைமை ஆசிரியர், கணக்கு வாத்தியார் சந்தானம், பெற்றோர் சங்கச் செயலாளர் ஹபீப் பாய், நான். வராதவள்: பத்தாம் வகுப்பு ஸ்டெல்லா. அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் கூட்டமே அவளைப் பற்றித்தான்.

விஷயம் இதுதான். பாலக்கரையில் எங்கள் பள்ளியில் படித்து, இப்போது மலேசியாவில் வசதியாக இருக்கும் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை — வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாவது எழுதப் போகிற பிள்ளைகளுக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

அந்தக் கமிட்டியில் எனக்கு என்ன வேலை? வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். 'அனுபவஸ்தர் ஒருத்தர் இருக்கட்டும்' என்றார் தலைமை ஆசிரியர். எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தோம். அதற்கு டியூப் லைட் போட்டோம். லைட்டின் மேல் கொடையாளியின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், 'உபயம்' — எல்லாம் சிவப்புப் பெயிண்ட்டில். மீதி இருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது. சுவர்க் கடிகாரம் வாங்கினோம் — அதிலும் பெயர். இங்கிலீஷ் கிராமர் புத்தகம் — முதல் பக்கத்தில் பெயர். மாலையில் கொடுத்த சுண்டலில் மட்டும் எழுத வழியில்லை.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், நன்றாகவே படித்தார்கள்.

ஸ்டெல்லாதான் வரவில்லை. மாலை வகுப்புக்கு மட்டுமல்ல, தீபாவளி லீவுக்குப் பிறகு பகலிலும் ஆளைக் காணோம். கணக்கில் வகுப்பிலேயே முதலில் வருகிறவள். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் அட்டெண்டன்ஸ் குறைந்துவிடும். ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சை கிடையாது.

"நோட்டு தீர்ந்துபோயிருக்கும். இன்னும் ஒரு டஜன் குடுத்துடலாம்" என்றார் தலைமை ஆசிரியர்.

"நல்ல டைம்டேபிள் ஒண்ணு போட்டு, ஃப்ரேம் பண்ணி அவ ஆத்துக்கே அனுப்பிச்சுடலாம்" என்றார் சந்தானம். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். டைம்டேபிளில் அபார நம்பிக்கை.

"பேர் எழுதியா, எழுதாமயா?" என்று கேட்டார் ஹபீப் பாய்.

தலைமை ஆசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்றேன். "நானும் வரேன். நம்ம கடைக்குப் பின்சந்துதான்" என்றார் பாய். அவருக்கு இரும்புச் சாமான் கடை.

சாயங்காலம் நாங்கள் போனபோது ஸ்டெல்லா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஓட்டுக் கூரையின் விட்டத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கயிறு வந்து ஸ்டெல்லாவின் கால் கட்டைவிரலில் முடிந்திருந்தது. மடியில் நோட்டு.

"என்னம்மா படிக்கிறே?"

"ஜியோமெட்ரி சார். இவன் தூங்கினாத்தான் காம்பஸை எடுக்கலாம். முழிச்சிருந்தா வாயில வெச்சுக்கறான்."

அவள் அம்மா அப்போதுதான் வேலை விட்டு வந்தார். கட்டட வேலையில் சித்தாள். தலையெல்லாம் சிமெண்ட். எங்களுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நோட்டு குடுத்தீங்க, புஸ்தகம் குடுத்தீங்க. வேணாம்னு சொல்லல சார். இவனை யார்கிட்ட குடுக்கறது? வேலைக்கே தூக்கிட்டுப் போனேன். 'செங்கல் தூக்க வந்தியா, புள்ள தூக்க வந்தியா'ன்னு கேக்கறாரு மேஸ்திரி. அவுங்கப்பா லாரியில போனா, எப்ப வருவாருன்னு அந்த லாரிக்கே தெரியாது."

ஹபீப் பாய் தூளிக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி பேரு என்ன?"

"அந்தோணி" என்றாள் ஸ்டெல்லா, காலை நிறுத்தாமல்.

மறுநாள் மறுபடி கூட்டம். அதே நாலு பேர்.

"தம்பியைத் தூக்கிட்டே ஸ்கூலுக்கு வரட்டுமே சார்" என்றேன்.

சந்தானம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தியரம் நடத்தறச்சே பின்னால தூளி ஆடிண்டிருக்குமா? நாளைக்கு ஆளுக்கொண்ணு கொண்டு வருவா. அப்புறம் வாசல்ல போர்டை மாத்தி எழுதிட வேண்டியதுதான்."

தலைமை ஆசிரியரின் கவலை வேறு. "பணம் மாணவர் முன்னேற்றத்துக்கு வந்தது. இவன் மாணவன் இல்லையே?"

"அஞ்சு வருஷத்துல ஆயிடுவான் சார். அட்வான்ஸ்னு எழுதிக்கங்க" என்றார் பாய்.

"இன்ஸ்பெக்‌ஷன் வந்தா?"

"தூங்கற புள்ளகிட்ட யார் சார் கேள்வி கேப்பாங்க?"

தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "அனுபவஸ்தர் நீங்க. என்ன சொல்றீங்க?"

"சார், எங்க வீட்ல தூளியில கிடந்தது நான். ஆட்டினது எங்க அக்கா. நான் இங்க வாத்தியாரா உக்காந்திருக்கேன். அக்கா மூணாங்கிளாஸோட நின்னு, வையம்பட்டியில களை எடுக்குது."

கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நல்ல கடிகாரமாகத்தான் வாங்கியிருந்தோம்.

"உத்திரம் தாங்குமா?" என்றார் சந்தானம்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா வந்தாள். தோளில் பை, இடுப்பில் அந்தோணி. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தூளி. கயிறு கடைசி பெஞ்சுப் பெண்களிடம் — பீரியடுக்கு ஒருத்தி என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். அதுவரை அந்த பெஞ்ச்தான் பள்ளியின் ரேடியோ ஸ்டேஷன். இப்போது யாராவது வாயைத் திறந்தால் நாலு பேர் முறைக்கிறார்கள்.

சந்தானத்தின் குரல் தெருமுனை வரை கேட்கும். அவர் மெதுவாகப் பாடம் நடத்தி நான் பார்த்தது இப்போதுதான். முதல் தடவையாகத் தியரம் புரிந்தது என்று பையன்கள் சிலர் சொன்னார்கள். அவரிடம் சொல்லவில்லை... என்னிடம்தான். வகுப்பில் வாத்தியார் இல்லையோ என்று தலைமை ஆசிரியரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தோணி அழவே இல்லையா? அழுதான். அப்போதெல்லாம் ஸ்டெல்லா அவனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்று, ஜன்னல் வழியே பாடம் கேட்டாள். பதில் சொன்னதும் ஜன்னல் வழியேதான்.

உதவி என்றவுடன் நாம் ஏன் பெயர் எழுத இடமுள்ள சாமானாகவே தேடுகிறோம்? ஒரு பிள்ளைக்கு என்ன குறை என்று நாலு பேர் டீ குடித்துக்கொண்டே யோசிக்கிறோம். அந்த வீட்டு வாசலில் போய்க் கேட்டால் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். ஆனால் போய்க் கேட்பது என்று எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஒரு தலைப்பு கிடையாது.

போன வாரம் பரீட்சை எழுதுகிறவர்களின் பட்டியல் போர்டில் ஒட்டப்பட்டது. ஸ்டெல்லாவின் பெயர் இருக்கிறது. மலேசியாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமை ஆசிரியர் என்னை எழுதச் சொன்னார். தூளி கட்டிய சேலை ஸ்டெல்லாவின் அம்மாவுடையது. அதற்குப் பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மிச்சம் இரும்புக் கொக்கியும் கயிறும், ஹபீப் பாய் கடையில் வாங்கியவை. பாய் சலுகை எதுவும் காட்டவில்லை, சரியாக பில் போட்டார். எல்லாம் சேர்த்து நாலு ரூபாய் இருபது பைசா.