கழுகுக் கூண்டுக்கு எதிரே

"அடுத்தவன் அசிங்கத்தை இந்தக் கை தொட்டதில்லை, சாகுறவரைக்கும் தொடவும் தொடாது" என்பது மிருகக்காட்சி சாலை டிக்கெட்காரரின் பிரகடனம். பெற்ற பிள்ளை கக்கியபோதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிய மகான் அவர்.

விதி அவருடைய ஜன்னலைப் பிணந்தின்னிக் கழுகுகளின் கூண்டுக்கு எதிரே வைத்திருந்தது. செத்த மாட்டின் வயிற்றுக்குள் கழுத்துவரை புகுந்து, குடலை உருவிக்கொண்டு வழவழவென்று வெளியே வரும் அந்த மொட்டைத் தலைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மதியச் சாப்பாடே இறங்குவதில்லை.

"த்தூ, அதெல்லாம் ஒரு பிறவியா?" என்று ஒரு நாள் வீட்டில் பொருமினார்.

படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அப்பாவின் துணியை அலசிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அது தின்னலைன்னா காடே நாறிடுங்க. அழுக்கு ஒட்டக்கூடாதுன்னுதான் அதுக்குத் தலை மொட்டையா இருக்கு. உங்களுக்கும் மொட்டைதான், என்ன பிரயோஜனம்?"

அவருடைய அடுத்த விடுமுறை நாளில் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமனார் அறையிலிருந்து நாற்றம் கிளம்பியது. டிக்கெட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க உள்ள வராதீங்க. அவ சாயங்காலம் வர்ற வரைக்கும் இப்படியே கிடக்கிறேன்" என்றார் மாமனார். குரல் அழுதுகொண்டிருந்தது.

டிக்கெட்காரர் தெருவில் ஒரு காலை வைத்தார், திரும்ப எடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். சட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க மாமா" என்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு.