அம்மா சொன்ன சிவப்பு

வெங்கார உப்பைத் தண்ணீரில் குழைத்துச் செம்பின் மேல் தடவி நெருப்பில் காட்டினால் முதலில் அது பொரிபோல வெள்ளையாகப் பொங்கும், பிறகு அடங்கி, கண்ணாடிபோல உருகிப் படியும். அப்போது கிளம்புகிற வாசனையை எதனோடும் என்னால் ஒப்பிட முடிந்ததில்லை, பல்லைக் கூசவைக்கிற ஒரு காரம் அதில் உண்டு. இன்றைக்கும் நகைப்பட்டறை இருக்கிற சந்து வழியாகப் போனால் அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிடும். கொல்லிமலையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையும், அதற்குள் மூஞ்சியெல்லாம் கரியோடு அப்பா ரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்த அந்த மழைக்காலமும் அப்படியே வந்து நிற்கும்.

அப்பா அந்த மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் கால்நடை ஆய்வாளராக இருந்தார். மாட்டுக்கு ஊசி போடுகிறவரை மலைக்காரர்கள் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் மறுத்ததில்லை. சொந்த ஊர் ஈரோடு. தாத்தா அங்கே நீராவி எஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்தவர், அதனால் அப்பாவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எஞ்சின் டிரைவர் ஆகவேண்டும் என்று ஒரே ஆசை. "ரயில்வேயில எடுக்கல" என்ற இரண்டே வார்த்தையில் அந்தக் கதை எங்கள் வீட்டில் முடிந்துபோகும், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. ரயில் கிடைக்காவிட்டால் என்ன, நாமே ஒன்றைச் செய்துகொள்வோம் என்று மனுஷன் இறங்கிவிட்டார். பொம்மை இல்லை. ஒரு கை நீளந்தான் இருக்கும், ஆனால் உள்ளே கரி எரியும், தண்ணீர் கொதிக்கும், நீராவி தள்ளிச் சக்கரம் சுற்றும், ஆளை வைத்து இழுக்கும். அதற்காகச் சேலத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கி, மரவள்ளிக் கிழங்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லாரியில் ஏற்றி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கூடவே சாய்ந்து, கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பக்கத்துக் காட்டுக்காரர் வெள்ளையன் மாமா மிளகுக் கொடிக்குப் போகிற வழியில் கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் ரொம்ப யோசித்து, "ஏனுங் டாக்டரு, இது மேடு ஏறுமுங்களா?" என்று கேட்டார்.

"ஏறாதுங்க. சமதரையிலதான் ஓடும்."

"அப்பறம் எதுக்குங்க இங்க வந்து செய்யறீங்க?" என்றவர், பதிலுக்குக்கூட நிற்காமல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பாவும் சிரித்தார்.

சக்கரம், உருளை, விசில் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் பாயிலர் வந்தது. எஞ்சினுக்கு உயிர் அதுதான். தடித்த செம்புக் குழாய், அதற்குள் நெருப்பும் புகையும் போக மெல்லிய குழாய்கள், இவற்றையெல்லாம் வெள்ளி கலந்த பற்றாசு வைத்து ஒட்டவேண்டும். செம்பு ஒரு குறிப்பிட்ட சிவப்புக்கு வந்தால்தான் பற்றாசு உருகி மூட்டுக்குள் ஓடும். அதற்குக் குறைந்தால் ஓடாது, மிஞ்சினால் எல்லாம் கருகிப்போகும். மூட்டு சரியாக ஒட்டாத பாயிலரில் நீராவி ஏற்றுவது குக்கருக்கு வெயிட்டைக் கட்டிப்போட்டுவிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்வது மாதிரி. அம்மா அதற்கு ஆரம்பத்திலேயே "வெடிகுண்டு" என்று பெயர் வைத்துவிட்டாள். "பொட்டப்புள்ளயை அந்தப் பக்கம் விடாதீங்க" என்பது அவளுடைய தினசரி உத்தரவு. அந்தப் பெண்பிள்ளை நான்தான். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், உத்தரவை மதித்து வாசற்படியோடு நின்றுகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முதல் பாயிலரை உலையில் வைத்தார். சேந்தமங்கலத்திலிருந்து வந்த சிரட்டைக் கரி, கையால் சுற்றுகிற ஊதுகருவி. அம்மா காபியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, இப்படிச் செவந்து கெடக்குது, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கீங்க?"

"எங்க செவந்துச்சு? கறுப்பாத்தான் இருக்குது" என்றார் அப்பா, கையை நிறுத்தாமல்.

"கறுப்பாவா?"

அந்தப் பேச்சு முடிவதற்குள் மெல்லிய குழாய்கள் மெழுகுவர்த்திபோலத் தலை சாய்ந்தன. மாதக்கணக்கான வேலை கரிக்குள் உருகிச் சொட்டியது. அம்மா அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து நீட்டி, "இது என்ன கலருங்க?" என்றாள். அப்பா துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

அவருக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் சிவப்பும் ஒன்றாகவே தெரியும், மங்கிய சிவப்பு கறுப்பாகத் தெரியும். ரயில்வேயில் எடுக்காததற்கு அதுதான் காரணம். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, "சொன்னாப் பொண்ணு குடுக்கமாட்டாங்க, வாயைத் திறக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் அடக்கிவைத்தார்கள். அப்போது திறக்காத வாயை அப்புறம் எப்போது திறப்பது என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. சந்தையிலிருந்து அவர் கொண்டுவருகிற தக்காளி ஏன் பாதி காயாகவே இருக்கும், சிகிச்சைப் பதிவில் எழுதும்போது "மாடு என்ன நெறமுங்க?" என்று எதிரில் மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு ஏன் மரியாதையாகக் கேட்பார் என்பதெல்லாம் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டீங்களே" என்றாள் அம்மா. "கண்ணு தெரியாததுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. எங்கிட்டச் சொல்லலியே." அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. ஆனால் அதற்குப்பிறகு வீட்டில் சோறு வந்தது, காபி வந்தது, பேச்சு வரவில்லை. அப்பா லேத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். இன்னொரு பாயிலருக்கு மட்டும் செம்பு மீதி இருந்தது, அது அப்படியே மூலையில் கிடந்தது. சாயங்காலம் வந்து வாசலில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். எனக்கு எஞ்சின் போனதைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் இனிமேல் இப்படியேதான் இருப்பார்களோ என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கவலைப்படுவேன்.

மலை முழுக்க மூடுபனி இறங்கியிருந்த ஒரு சாயங்காலம், அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் நடந்தாள். "அந்தச் செம்பை எடுத்து வேலையைப் பாருங்க. எப்பச் செவக்குதுன்னு நான் சொல்றேன்" என்றாள். அப்பா எழுந்திருக்கவே இல்லை. "வெடிகுண்டுன்னியே" என்றார் மெல்ல. "நான் பாத்துச் சொன்னா ஏனுங்க வெடிக்குது?" என்று அவள் உள்ளே போய் விளக்கை அணைத்துப் பார்த்தாள், இருட்டில்தான் நெருப்பின் நிறம் சரியாகத் தெரியும் என்று அதற்குள் எங்கோ யோசித்து வைத்திருக்கிறாள்.

குழாய்களை மறுபடி வெட்டிப் பொருத்தி முடித்து, இரண்டு மாதம் கழித்துப் பாயிலர் உலைக்கு வந்தது. அம்மாவிடம் பட்டறைப் பேச்சு ஏது? அவளுக்குத் தெரிந்த பெயர்களைத்தான் சொன்னாள். "பாக்குக் கலருங்க… செங்கல்லுங்க…" அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் குரலை மட்டும் கேட்டபடி ஊதுகருவியைச் சுற்றினார். வெங்காரம் அடங்கிப் படிந்துவிட்டது, போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், பற்றாசுக் கம்பியை எடுத்துவிட்டார். "இன்னும் இல்லீங்க" என்றாள் அம்மா. கை நின்றது. போன தடவை உருகியது கண்முன்னால் இருக்கும்போது, தன் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நெருப்பை ஒருத்தி பேச்சை நம்பி ஊதிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவர் ஊதினார். "கனகாம்பரமுங்க. இப்ப வைங்க." கம்பி தொட்டதும் வெள்ளி உருகி, மூட்டைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு கோடு ஓடியது. அந்தப் பளிச்சை அப்பாவாலும் பார்க்க முடிந்தது. "ஓடிருச்சு சரசு" என்றார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டே பல நாள் ஆகியிருந்தது.

நீராவி ஏற்றுவதற்கு முன்னால் பச்சைத்தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திப் பார்க்கவேண்டும், ஒழுகினால் தண்ணீர்தான் ஒழுகும், ஆபத்தில்லை. அம்மா ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள், கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தாள், ஒரு சொட்டு ஈரம் இல்லை. அன்றைக்குத்தான் நான் கொட்டகைப் படி தாண்டலாம் என்று உத்தரவு வந்தது.

சமதரைக்கு வெள்ளையன் மாமாதான் வழி செய்தார். கேழ்வரகு அடித்து முடித்த களத்தை ஒதுக்கிக் கொடுத்து, "செருப்பை மட்டும் கழட்டிருங்க, களத்துல செருப்பு ஆகாதுங்க" என்றார். சாண் அகலம்கூட இல்லாத தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு, எஞ்சினுக்குப் பின்னால் பலகைவண்டியில் அப்பா வெறுங்காலோடு குந்தினார். கீழே விழுந்த தணல் காலில் பட்டதும் துள்ளிக் குதித்தார், சுற்றி நின்ற மலைச்சனம் அதற்கும் சிரித்தது. ரயிலென்றால் கொடி காட்டவேண்டாமா என்று வெள்ளையன் மாமாவின் மகன் சிவப்புத் துண்டு ஒன்றும் பலாத்தழைக் கொத்து ஒன்றும் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்தே ஆட்டிக்கொண்டிருந்தான். அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சொன்னபிறகு நீராவியைத் திறக்கிற பிடியை இழுத்தார், எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தது. அத்தனை சத்தத்திலும் வெள்ளையன் மாமா, "ஏறாட்டி என்னங்க, நல்லாத்தான் போகுது" என்றது எனக்குக் கேட்டது.

இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை, இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டிவிட்டார்கள். களம் இருந்த இடத்தில் மரவள்ளி. வெள்ளையன் மாமாவும் இல்லை. எஞ்சின் நாமக்கல்லில் அப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஓய்வுபெற்று அங்கே வந்தபிறகு, அவர் எங்கே போனாலும் மொபெட்டில் பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பாள். சிக்னல் வந்தால் தோளைத் தட்டி, "சிவப்புங்க, நில்லுங்க" என்பாள், மாறியதும் "பச்சைங்க" என்பாள். பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் குரலில் ஓர் அதிகாரம் இருக்கும், அது அவளுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். அதிலிருந்து மொபெட் உறைபோட்டு நிற்கிறது. கடைக்குக்கூட நடந்துதான் போகிறார், முழங்கால் வலியோடு. போன மாதம் போயிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "சிக்னலுக்குப் பயந்துக்கிட்டா இப்படி நடக்கறீங்கப்பா? மேல எரிஞ்சா சிவப்பு, கீழ எரிஞ்சா பச்சை. கலரே பார்க்க வேண்டியதில்ல" என்றேன்.

அப்பா மொபெட் உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"அது தெரியாமலா இருக்கும் கண்ணு? கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்" என்றார். "உங்கம்மாகிட்டத்தான் சொல்லல."