ஃபெய்யின் கால்சட்டை

ஃபெய்க்குக் கோபம் வந்தால் மலையே வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். தாய்லாந்தின் சியாங் ராய் மலைமேலிருந்த அந்த மியென் பழங்குடி ஊரில் அவளிடம் ஏச்சு வாங்காத ஆளே கிடையாது. புருஷன் சியெங் மட்டும் காது கேளாதவன்போல் இருந்து பிழைத்துக்கொண்டான்.

அன்று இருவரும் அடிவார விடுதிக்குக் கைவண்டியில் இஞ்சி மூட்டை கொண்டு போனார்கள். சமையற்கட்டுக்குப் போகும் வழியில் கூடத்தை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். வெள்ளைக்காரர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டு. அதன் உறையில் அவள் கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையின் பூவேலை.

"எந்திரிய்யா!" என்று தன் பாஷையிலேயே கத்தினாள். அவர் எழுந்துவிட்டார்.

விடுதி மேலாளரான சமவெளிப் பெண் ஓடிவந்தாள். "பெரியம்மா, இது நாங்க வியாபாரிகிட்ட வாங்கினது."

"இந்தப் புலிப்பாதப் பூவேலையில ஒரு விரல் கோணலா இருக்கு, பாரு. அன்னைக்குக் காய்ச்சல்ல தைச்சேன். எந்த வியாபாரிடி தைச்சான்?"

சியெங் கதவோரம் நகர்ந்தான். ஃபெய் திரும்பி மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "முய்யோட அப்பா, நில்லு."

"பொட்டியில சும்மாதானே கிடந்துது? எலி கடிக்கும்னுதான் வித்தேன்," என்றான் சியெங்.

"எலி கடிச்சிருந்தா எலியைத் திட்டியிருப்பேன். நான் செத்தா இதைத்தானே உடுத்தணும்? இப்ப எதைப் போட்டுட்டுப் போவேன்? உன் அரை டவுசரையா? யாரு இவள்னு கேட்டு நம்ம முன்னோருங்க வாசல்லயே நிறுத்திடுவாங்க!"

இடுப்பிலிருந்த இஞ்சி வெட்டும் கத்தியை எடுத்து உறையைக் கிழித்தாள். பஞ்சு தரையெல்லாம் பறந்தது.

"போலீசைக் கூப்பிடுவேன்," என்றாள் மேலாளர்.

"கூப்பிடு. துணி என்னோடது, பஞ்சு உன்னோடது. வேணும்னா இஞ்சியையும் வச்சுக்கோ."

மேலாளர் போலீசைக் கூப்பிடவில்லை. இன்னொரு காலின் துணி எங்கே என்று ஃபெய் கேட்டபோதுதான் மேலாளரின் குரல் இறங்கியது. அதைப் பையாகத் தைத்து யாரோ ஒரு விருந்தாளிக்கு விற்றாகிவிட்டது. எந்த நாட்டுக்காரர் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

ஃபெய் அழவில்லை. ஒற்றைக்கால் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள். காலி வண்டியோடு பின்னால் வந்த சியெங்கை வழிநெடுக ஏசினாள்.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புத் துணி எடுத்து மற்றொரு காலைத் தைக்க உட்கார்ந்தாள். பன்றிக்குத் தீனி, அடுப்பு, பாத்திரம் எல்லாம் சியெங் தலையில் விழுந்தன. புத்தாண்டுக்கு ஊர் ஆண்களெல்லாம் பூவேலைச் சட்டையில் வந்தார்கள். அவனுடையதை ஃபெய் பெட்டியில் பூட்டிவிட்டாள். பனியனோடு விருந்தில் உட்கார்ந்தவனைப் பார்த்து, "என்ன மச்சான், உன் சட்டையையும் வித்துட்டியா?" என்று ஊரே சிரித்தது.

புதிய காலின் சிவப்பு பளிச்சென்றிருக்கிறது. பழையது மங்கல். சேர்த்துப் பிடித்தால் இரண்டும் வேறு வேறு பெண்கள் தைத்தவைபோலத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் ஃபெய்க்கு மறுபடி பற்றிக்கொண்டு வருகிறது. சியெங் அடுப்படிக்கு நழுவுகிறான்.